ராட்வைலர் வளர்ப்பவர் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் சொந்த வீடு. வாசல் தூணில் கிரானைட் பலகையில் உங்கள் பெயர். அதற்கு மேலே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், ‘நாய்கள் ஜாக்கிரதை’. உள்ளே ஐம்பது கிலோவில் ஒரு ராட்வைலர், பெயர் டைகர். இந்த நிலையில் டல்லாஸில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு குண்டைப் போடுகிறான்.

“எப்பா, இங்க ராட்வைலர் வச்சிருந்தா வீட்டுக்கு இன்சூரன்ஸ் தரமாட்டோம்னு ஒரு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். நம்ம வீட்டுக்கு எடுத்திருக்கியளா?”

நீங்கள் எடுக்கவில்லை. வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் உறைக்கிறது. “அதெல்லாம் பாத்துக்கிடலாம்ல” என்று போனை வைத்தவர்களுக்காக இந்த வழிகாட்டி. சொன்ன வரிசையில் செய்யவும். நாயை முதலில் கட்டவும்.

படி 1: உங்கள் நாய் தடை செய்யப்பட்டதா என்று பாருங்கள்

இதற்குப் பதில் சொல்ல நாயைப் பார்த்தால் போதாது, காலண்டரையும் பார்க்க வேண்டும்.

2024 மார்ச் 12-ஆம் தேதி என்றால், ஆம். அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 23 இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதி, வளர்ப்பு, விற்பனை எல்லாவற்றையும் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், கேன் கோர்சோ, டோகோ அர்ஜென்டினோ எல்லாம் அதில் உண்டு. ஜப்பானின் டோசா நாய் மட்டும் ‘டோசா இனு’ என்று ஒரு தடவை, ‘ஜப்பானிய டோசா’ என்று இன்னொரு தடவை, ஆக இரண்டு முறை தடை செய்யப்பட்டது. தப்பித்துவிடக் கூடாது என்ற அக்கறையாக இருக்கலாம். ஓநாய்க் கலப்பு நாயும் பட்டியலில் இருந்தது. மேலப்பாளையம் சந்தையில் அதை யாரும் கொண்டுவந்து விற்றதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 10-ஆம் தேதி என்றால், இல்லை. பாதிக்கப்படுவோரிடம் கருத்துக் கேட்காமல் போட்ட சுற்றறிக்கை செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அன்று ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் பின்னாலேயே வந்தது.

மே மாதம் என்றால் மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் விளையாடிக்கொண்டிருந்த 5 வயதுச் சிறுமியை மே 5-ஆம் தேதி இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அந்த வாரமே நம் மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறை 23 இனங்களுக்கும் தடை என்று அறிவித்தது. அறிவித்த சூட்டிலேயே திரும்பப் பெற்றது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் இனிப் புது உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது. அது சென்னை எல்லைக்குள் மட்டும். டைகருக்கு அம்பத்தூரில் உறவு இருந்தால், வண்டலூரோடு திரும்பிவிடவும்.

இதற்கிடையில் 2024-இல் தமிழ்நாட்டின் நாய் இனப்பெருக்கக் கொள்கையும் வந்தது. அதில் சைபீரியன் ஹஸ்கி, பக் உட்பட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது. அவை ஆளைக் கடிக்கும் என்பதற்காக அல்ல, நம் வெயில் அவற்றைக் கடிக்கும் என்பதற்காக. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை மாடி வீட்டில் ஹஸ்கி வளர்ப்பவர்கள் இதை வாசித்துவிட்டு ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டவும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். 23-இல் அவற்றின் பெயர் இல்லை. ராஜபாளையத்துக்கோ 2005-இல் அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தபால்காரரைத் துரத்திய இனத்துக்கு அந்தத் துறை காட்டிய பெருந்தன்மை அது.

படி 2: ஏஜென்ட்டைப் பிடியுங்கள்

எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர்கூட இல்லாத குடும்பம் நெல்லைச் சீமையில் கிடையாது. உங்கள் வீட்டில் அது மச்சினன். அவரைத்தான் முதலில் கூப்பிடுவீர்கள்.

“மாப்ள, வீட்டுக்கு ஒரு இன்சூரன்ஸ் போடணும்.”

“யாருக்கு அத்தான்? அக்காவுக்கு எதும் முடியலையா?”

“ஒங்க அக்கா நல்லாத்தான் இருக்கா. வீட்டுக்குடே. கட்டடத்துக்கு.”

“கட்டடம் சாவாதுல்லா அத்தான்! பேரன் பேர்ல ஒண்ணு எடுங்க, இருவது வருசத்துல மொத்தமா வந்துரும்.”

பேரன் பெயரில் ஒன்று எடுத்த பிறகு இந்தப் படிக்குத் திரும்பி வாருங்கள். எல்.ஐ.சி. உயிருக்கு. வீட்டுக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் வேண்டும்: அரசுத் தரப்பில் நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என நான்கு, தனியார் பல. யாரிடம் போனாலும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்று கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான வீட்டுப் பாலிசி அது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனமும் அதே நிபந்தனைகளோடு விற்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது. ஆகவே ‘எங்க கம்பெனியில ஸ்பெஷல்’ என்று யாராவது சொன்னால், ஸ்பெஷல் எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பழைய ஃபைலைத் தூசி தட்டவும். வங்கியே ஒரு பாலிசி போட்டிருக்கக்கூடும். அது வங்கியின் கடனைக் காக்கவா, உங்கள் வீட்டைக் காக்கவா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: விண்ணப்பத்தில் நாயைத் தேடுங்கள்

சுவர் செங்கல்லா, கூரை கான்கிரீட்டா, எத்தனை மாடி, எத்தனை சதுர அடி, கட்டி எத்தனை வருடம், முன்பு இழப்பீடு கேட்டது உண்டா? எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் நாயைக் காணோம். இனம் கேட்கவில்லை, எடை கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை.

இது டைகருக்கு அவமானம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு இன்சூரன்ஸ் என்றால் கட்டடத்தோடு சேர்த்து, உங்களால் பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பும் உள்ளே இருக்கும். உங்கள் நாய் கூரியர் பையனைக் கடித்தால் கம்பெனி பணம் கட்டும். 2024-இல் மட்டும் நாய் தொடர்பான காயங்களுக்காக அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்தது சுமார் 157 கோடி டாலர். பணம் கொடுக்கிறவன் நாயின் ஜாதகத்தைக் கேட்காமல் இருப்பானா? நியூயார்க் மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் போட்டு, இனத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றது. டெக்சாஸ் நியூயார்க் அல்ல என்பதை உங்கள் மகன் இப்போது தெரிந்துகொண்டிருப்பான். இங்கிலாந்தில் கதை தலைகீழ். எக்ஸ்.எல். புல்லி வகை நாய்களை 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இல்லாமல் வைத்திருப்பது குற்றம்; சான்று வேண்டுமானால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதாவது அங்கே நாய்க்காக இன்சூரன்ஸை மறுப்பதில்லை, இன்சூரன்ஸ் இல்லாமல் நாயை மறுக்கிறார்கள்.

நம் பாலிசியில் பிறருக்கான பொறுப்பு உள்ளே இல்லை. கம்பெனிக்குக் கடியால் ஒரு பைசா செலவில்லை. அதனால் கடிக்கிறவனைப் பற்றி விசாரணையும் இல்லை. ‘நாயைப் பத்திக் கேக்கவே இல்ல, தங்கமான கம்பெனி’ என்று மச்சினனிடம் பெருமைப்படும் முன் இதை நினைவில் வையுங்கள்.

படி 4: தொகையைப் போடுங்கள்

‘மகாராஜநகர் பக்கம் சென்ட் என்ன விலை தெரியுமா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். மண்ணுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. மண் எரியாது, களவு போகாது. உங்கள் கட்டடத்தை இன்றைக்குத் திரும்பக் கட்ட சதுர அடிக்கு என்ன ஆகும் என்பதே கணக்கு. காம்பவுண்டு சுவர், கேட், கார் ஷெட், மாடியில் பதித்த சோலார் தகடு எல்லாம் கட்டடத்தோடு சேரும். டைகருக்காக டைல்ஸ் ஒட்டி, மின்விசிறி மாட்டி, கான்கிரீட் போட்டுக் கட்டிய அறையைச் சேர்க்கச் சொல்லி எழுதித் தரலாம். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடவும்.

கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பு உண்டு. பட்டியல் தர வேண்டாம். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வருடப் பிரீமியம் டைகரின் ஒரு மாதத் தீனிச் செலவுக்குள் அடங்கிவிடும். இதை வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டாம். நாயின் தீனிச் செலவு அவர்களுக்கு முழுசாகத் தெரியாது.

சோபாவை டைகர் குதறியதற்கு இழப்பீடு வராது. டைகர், பாலிசி பட்டியலிடும் ஆபத்து அல்ல. நீங்களாக வாங்கி வந்தது.

படி 5: எதற்குப் பயப்படுகிறோம் என்று யோசியுங்கள்

நாய் வாங்கியது களவாணிக்குப் பயந்து. நல்லது. இப்போது பாலிசியில் எவற்றுக்குக் காப்பு என்று வாசியுங்கள்: தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரம் சாய்தல், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல். களவு? அப்படி ஏதாவது ஆபத்து நடந்து, அதைத் தொடர்ந்த 7 நாளுக்குள் நடந்த களவுக்கு மட்டும். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனுக்கு இதில் இடமில்லை. அதற்கு வேறு பாலிசி வேண்டும், இல்லாவிட்டால் டைகர்.

ஆக, களவாணியை நாய் பார்த்துக்கொள்ளட்டும், ஆற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது கம்பெனி. தாமிரபரணிக் கரையில் இதைவிட நியாயமான பாகப்பிரிவினை இருக்க முடியாது. ஏனென்றால் இங்கே வீட்டுக்குள் நுழைந்து கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று ஒன்று விடாமல் வாரிக்கொண்டு போனது களவாணி அல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மேலே அணைகள் நிறைந்து திறந்துவிட, கீழே காட்டாறுகளும் ஓடைகளும் சேர்ந்துகொள்ள, ஆறு கரையைக் கேட்காமல் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கு முங்குவது பழக்கம். அன்று பழக்கமில்லாத சிந்துபூந்துறையும் மீனாட்சிபுரமும் ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் முங்கின. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் மனு கொடுக்க வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றேவிட்டது. எந்த வீட்டு ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையையும் ஆறு வாசிக்கவில்லை. 1992 நவம்பரில் வந்தபோதும் வாசிக்கவில்லை.

அரசு, அதிகம் பாதித்த வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அது அடுப்பு பற்றவைக்க உதவும்; மரப்பலகை ஊதிப்போன அலமாரியையும், சேறு குடித்த மோட்டாரையும், வெடித்த தரையையும் மீட்காது. அவற்றை மீட்கும் காகிதத்துக்கு ஆன செலவு டைகரின் ஒரு மாதத் தீனி என்று மேலே பார்த்தோம்.

பெருமாள்புரம் மேட்டு நிலம், எங்களுக்கு ஆறு வராது என்பீர்கள். மேட்டில் உள்ள வீட்டுக்கும் மின்கசிவு வரும், புயலில் வேப்பமரம் சாயும். ஆற்றோரம் உள்ளவர்களுக்கு ஒரு வேலை கூடுதல்: வெள்ள எச்சரிக்கை வந்த உடனே நாயின் சங்கிலியை அவிழ்த்து மாடிக்கு ஏற்றுங்கள். கட்டிய நாய்க்கு நீச்சல் தெரிந்து பயனில்லை.

படி 6: கடிக்கு வாருங்கள்

இப்போது கணக்கைக் கூட்டுங்கள். ஆறு கம்பெனிக்கு. களவாணி டைகருக்கு. டைகர் யாரையாவது கடித்தால்? அது உங்களுக்கு.

இந்தப் பள்ளத்தாக்கில் நாய்க்கடிக்கு நெடுநாளாக நடைமுறையில் இருக்கும் ஒரே பாலிசி, கேட்டுக்கு உள்ளே நின்று உரிமையாளர் சொல்லும் இரண்டு வார்த்தை: “ஒண்ணும் செய்யாது.” பிரீமியம் இல்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை, முதிர்வுத் தேதி இல்லை. பால்காரர், கேபிள்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர், எதிர்வீட்டுப் பிள்ளை, எல்லாருக்கும் இதன் கீழ் காப்பு உண்டு. கடித்த அன்றைக்கு மட்டும் பாலிசி மாறிவிடும்: “இது வரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல. நீங்க ஓடியிருக்கக் கூடாது.”

சட்டம் இந்தப் பாலிசியை ஏற்பதில்லை. மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி தன் வசமுள்ள விலங்கைக் காக்கத் தவறுகிறவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்டஈட்டு வழக்கு தனி. ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஆபத்து என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் படம் பிடிப்பார்.

ஆகவே இரண்டு கடைகளில் விசாரியுங்கள். ஒன்று, நாய்க்கென்று விற்கும் செல்லப்பிராணிக் காப்பீடு. சில நிறுவனங்கள் அதில் நாயின் சிகிச்சை, இறப்பு ஆகியவற்றோடு மூன்றாம் நபர் பொறுப்பையும் சேர்த்துத் தருகின்றன. இங்கேதான், டல்லாஸ் மகன் பட்ட பாடு உங்களுக்கும் வரும்: இனம், வயது, தடுப்பூசிச் சான்று, படம் எல்லாம் கேட்பார்கள். கலப்பினம், ‘லேப்ரடார் மாதிரி’ என்று எழுதி ஏமாற்ற வேண்டாம். படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாமல் பாலிசி தந்துவிட்டால் இன்னும் மோசம், இழப்பீடு கேட்கும் அன்றைக்குத் தெரியும். பொய் எழுதிய பாலிசி உங்களைக் காக்காது.

இரண்டு, பழைய மாதிரி வீட்டுக்காரர் தொகுப்புப் பாலிசிகளில் ‘பொதுப் பொறுப்பு’ என்று ஒரு பிரிவு இருக்கும். களவுக்கும் அதிலேயே ஒரு பிரிவு கிடைக்கும். பொறுப்புப் பிரிவில் வளர்ப்பு விலங்கு சேருமா, சேராதா என்று நேராகக் கேளுங்கள். “சேரும் அண்ணாச்சி, அதெல்லாம் பாத்துக்கிடலாம்” என்று பதில் வந்தால், அதுவும் ‘ஒண்ணும் செய்யாது’ வகையைச் சேர்ந்ததே. எழுத்தில் வாங்குங்கள்.

இதோடு மாநகராட்சி உரிமம், வருடா வருடம் வெறிநாய்த் தடுப்பூசி, வெளியே போகும்போது வாய்மூடி. தடுப்பூசிக்கும் நாயின் முரட்டுத்தனம் பற்றிக் கேட்கவும் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாமல், காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நீங்களே அழைத்துப் போங்கள். ஊசிக்கு எல்லாத் தவணைக்கும் கூடப் போங்கள். பாலிசி எதுவும் தர முடியாத சமாதானம் அதில் பாதி கிடைத்துவிடும்.

படி 7: இழப்பீடு கேட்பது

சேதம் நடந்த உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேற்றைக் கழுவும் முன்பே படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும். கெட்ட சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் அன்றைக்கே தள்ளிவிடாதீர்கள். சர்வேயர் வந்து பார்க்க வேண்டும்.

சர்வேயர் வருவார். கேட்டுக்கு வெளியே நிற்பார்.

“சார், நாயைக் கொஞ்சம் கட்டுதீயளா?”

“நீங்க சும்மா வாங்க சார், புது ஆளுன்னா சத்தம் போடும், அவ்வளவுதான்.”

இந்த இடத்தில் பல இழப்பீடுகள் நின்றுபோகும் அபாயம் உண்டு. கேட்டிலிருந்து பார்த்த அளவுக்கே சேதத்தை எழுதிவிட்டு அவர் போய்விடலாம். நாயை அன்று காலையிலேயே மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பேரன் பெயரில் எடுத்த பாலிசிக்கு அந்த அளவு கைமாறு அவர் செய்யலாம். கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*வாடகை வீட்டில் இருக்கிறேன். நான் பாலிசி எடுக்கலாமா?*
சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். கட்டடம் வீட்டுக்காரர் பாடு. நாய் இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்பது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே உள்ளது.

*குடியிருப்புச் சங்கம் நாயே கூடாது என்கிறது.*
வளர்ப்பு நாயைச் சங்கங்கள் மொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைக் காட்டுங்கள். காட்டப் போகும்போது நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.

*ராட்வைலருக்குப் பதில் ராஜபாளையம் வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?*
பட்டியல் பிரச்சினை தீரும். 291-ஆம் பிரிவு இனம் பார்ப்பதில்லை. ‘விலங்கு’ என்று மட்டும் சொல்கிறது. கோபக்காரச் சேவல் வைத்திருப்பவர்களும் கவனிக்கவும்.

*எங்கள் டைகர் நிஜமாகவே ஒன்றும் செய்யாது. எங்களுக்கும் இதெல்லாம் தேவையா?*
தேவையில்லை. ஒரு முத்திரைத்தாள் வாங்கி, ‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது, செய்தால் பத்து லட்சம் ரூபாய் தருகிறேன்’ என்று எழுதி, எதிர்வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதக் கை வரவில்லை என்றால் படி 6-ஐ மறுபடி வாசிக்கவும்.